ஏலமலைக்குக் கீழே என்ன இருக்கிறது?

போடிநாயக்கனூர் ரயிலடியில் இறங்கியதும் என்னுடன் வந்த சித்திரக்காரர் மூக்கை உயர்த்தி, "ஆகா! ஏலக்காய் வாசனை!" என்று பரவசப்பட்டார். விசாரித்ததில், அது எதிர்க் கடை பாய்லரில் கொதித்துக்கொண்டிருந்த டீயின் வாசனை என்று தெரிந்தது. உண்மையான ஏலக்காய் கோணிப் பைகளுக்குள்ளும் ஏல மையத்திலும் பத்திரமாக இருக்கிறது. அதன் விலையைக் கேட்டால் வாசனை பார்க்கும் ஆசையே போய்விடுகிறது.

1928-ல் மதுரையிலிருந்து இந்த ஊருக்கு வந்த சிறிய ரயில், 2010-ன் முடிவில் பாதையை அகலமாக்குவதற்காக நின்றுபோய், 2023 ஜூன் மாதம்தான் மறுபடி வந்தது. பன்னிரண்டு வருஷம் ரயிலைப் பிரிந்திருந்த ஊர் என்பதாலோ என்னவோ, இறங்கிய ஒவ்வொருவரையும் அழைத்துப் போக நாலு பேர் வந்திருந்தார்கள். எங்களை அழைத்துப் போகச் சித்திரக்காரரின் அத்தை வீட்டிலிருந்து ஒரு பையன் வந்திருந்தான்.

"ஏலமலையைப் பார்த்து எழுதிக்கொண்டு வாருங்கள்" என்றுதான் ஆசிரியர் அனுப்பியிருந்தார். மலைக்கு மேலே இருப்பதை எழுதவே நான் புறப்பட்டேன். மலைக்குக் கீழே இருப்பதை எழுத நேர்ந்ததற்கு அத்தையின் ஆழ்துளைக் கிணறுதான் காரணம்.

அத்தையின் வீடு ஊரின் மேற்கு ஓரத்தில், மலை தொடங்கும் இடத்தில் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் தென்னை. தென்னைக்குத் தண்ணீர் இல்லை. இரண்டு தடவை போர் போட்டு, இரண்டு தடவையும் பாறைப் பொடிதான் புகையாக வந்திருக்கிறது. மூன்றாவது முயற்சிக்காக அத்தை சீட்டு எடுத்து, அந்தப் பணத்தை முடிச்சவிழ்க்காமல் வைத்திருந்தார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தோப்பில் ஒரே அமர்க்களம். முந்தின நாள் நீரோட்டம் பார்க்கிறவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடந்து, கன்னி மூலையில் தேங்காய் எழுந்து நின்றதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். இன்று அடுத்த தெருவில் இருக்கும் ஓய்வு பெற்ற புவியியல் பேராசிரியர் ஒரு பெட்டியும், நாலு இரும்புக் கம்பிகளும், சுருள் சுருளாக வயரும் கொண்டு வந்திருந்தார். கம்பிகளை ஒரே வரிசையில் அடித்து, வெளியே உள்ள இரண்டு கம்பிகள் வழியாக மண்ணுக்குள் மின்சாரம் செலுத்தினார். உள்ளே உள்ள இரண்டு கம்பிகளில் எவ்வளவு வோல்ட் தெரிகிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டார். பிறகு கம்பிகளைப் பிடுங்கி இன்னும் தள்ளி அடித்தார். கம்பிகள் விலக விலக மின்சாரம் இன்னும் ஆழமாக இறங்கிச் சுற்றிக்கொண்டு வருமாம்.

அத்தை வாசற்படியில் நின்று கேட்டார்: "அண்ணே, பெட்டி தண்ணின்னு சொல்லுதா?"

"பெட்டிக்குத் தண்ணியெல்லாம் தெரியாது தங்கச்சி. கரண்டு சுளுவாப் போகுதா, திணறுதா, அம்புட்டுதான் தெரியும். இந்தா, இந்த வேப்ப மரத்துப் பக்கம் சுளுவாப் போகுது."

"அப்பத் தண்ணிதானே?"

"தண்ணியாவும் இருக்கலாம். களிமண்ணாவும் இருக்கலாம். களிமண்ணுலயும் சுளுவாத்தான் போகும்."

"களிமண்ணுக்கா நான் சீட்டுப் பணத்தைக் கொட்டணும்?" என்று அத்தை ஒரே போடாகப் போட்டார்.

பேராசிரியர் சிரிக்கவில்லை. "தங்கச்சி, நீ கேட்ட இதே கேள்வியைத்தான் பெரிய பெரிய விஞ்ஞானிகள் நூறு கிலோமீட்டர் ஆழத்தை வைத்துக்கொண்டு கேட்டு மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்" என்றார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "நாளைக்கு மலைக்குப் போகிறீர்களாமே? நானும் வருகிறேன். பாறையைப் பார்க்காமல் மலையைப் பார்த்து என்ன பிரயோஜனம்?" என்றார்.

மறுநாள் விடியுமுன் புறப்பட்டோம். போடியின் வீதிகளில் அந்த நேரத்திலேயே ஜீப்புகள் நிற்கின்றன. எல்லாவற்றிலும் பெண்கள். மேலே எஸ்டேட்டுகளில் ஏலக்காய் பறிக்கப் போகிறவர்கள். மூன்று மணிக்கே எழுந்து சமைத்து, தூக்குப் போசியில் சோறு கட்டிக்கொண்டு, ஒருவர் மடியில் ஒருவர் என்று நெருக்கி உட்கார்ந்து, ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு வேலைக்குப் போய், இருட்டுவதற்குள் திரும்பி வருகிறார்கள். நாம் பாயசத்தில் இரண்டு ஏலக்காயைத் தட்டிப் போடும்போது இந்த ஜீப்பை நினைத்துக்கொள்வது தகும்.

அடிவாரச் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பிக்கின்றன. சித்திரக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். இயற்கைக் காட்சிகளை மனத்தில் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். ஐந்தாறு வளைவு போனதும் பேராசிரியர் வண்டியை நிறுத்தச் சொல்லி, சாலைக்காக வெட்டப்பட்ட பாறைச் சுவரை அன்போடு தட்டினார்.

கறுப்பும் பச்சையும் கலந்த, எண்ணெய் தடவினாற்போல மினுங்கும் பாறை. இதற்குச் சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தா நகரத்தோடு சேர்த்துப் பேசப்படும் ஜோப் சார்னோக் என்ற ஆங்கிலேயரின் சமாதிக் கல் இந்த ஜாதிதான். 1893-ல் தாமஸ் ஹாலந்து என்ற புவியியலார் அவர் நினைவாகவே இந்தப் பெயரை வைத்தார். ஆனால் கல், தமிழ்நாட்டுக் கல். பல்லாவரம், பரங்கிமலைப் பக்கமெல்லாம் இதே பாறைதான். ஆங்கிலேயர் கல்லறைக்குப் போன நம் ஊர்க் கல், அவர் பெயரோடு திரும்பி வந்திருக்கிறது!

"இது பிறந்த இடம் இங்கே இல்லை. இருபது முப்பது கிலோமீட்டர் ஆழம்" என்றார் பேராசிரியர். மதுரை வட்டாரப் பாறைகளில் சில, சுமார் 55 கோடி வருஷத்துக்கு முன்பு 900 டிகிரிக்கும் மேற்பட்ட சூட்டில் வெந்தவை. அந்தச் சூட்டில் ஈரம் என்பதே இல்லாமல் உலர்ந்துபோயின. மேலே இருந்த மண்ணும் மலையும் கோடிக்கணக்கான வருஷங்களில் கரைந்தபின் இன்று வெளியே தலைகாட்டுகின்றன. வெடிப்பு விழுந்த இடம் தவிர இந்தக் கல்லுக்குள் தண்ணீர் புக இடமில்லை. அத்தையின் இரண்டு போர்களும் ஏன் புகைந்தன என்று இப்போது புரிந்தது.

இதே மலைத் தொடரில் பொட்டிபுரம் பக்கத்துக் குன்றைத்தான் நியூட்ரினோ ஆய்வுக் கூடத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள். எல்லாப் பக்கமும் ஒரு கிலோமீட்டருக்குக் குறையாமல் கெட்டிப் பாறை வேண்டும் என்பது அவர்கள் தேவை. 2015-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மலைக்கும் தண்ணீருக்கும் என்ன ஆகுமோ என்று சுற்றுவட்டார மக்கள் எதிர்த்தார்கள், வழக்குகளும் நடந்தன. பாறை என்றால் ஜடம், அதைப் பற்றி என்ன சண்டை என்று நினைத்திருந்த எனக்கு, இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு அது எவ்வளவு சொந்த விஷயம் என்பது புரிந்தது.

பேராசிரியரின் விரல் பாறையில் ஒரு வெளிறிய கோட்டின் மேல் நின்றது. "இப்படிப்பட்ட கோடுகள் பலவும் உருகிய பகுதிகள். பாறை முழுசாக உருகவில்லை. வெந்து, கொஞ்சம் மட்டும் உருகி, உருகியது இடுக்கு இடுக்காக ஓடி, அப்படியே உறைந்துவிட்டது. பாதி உருகிய பாறை எப்படி இருக்கும் என்று பார்க்க எரிமலைக்குப் போக வேண்டாம். உறைந்துபோன சாட்சி சாலை ஓரத்திலேயே கிடைக்கும்."

அப்போதுதான் அத்தை கட்டிக் கொடுத்த ரவா லட்டு வெளியே வந்தது. பேராசிரியர் ஒன்றை எடுத்து, சாப்பிடாமல் உடைத்துக் காட்டினார். வாசகிகளுக்கு ரவா லட்டு பிடிக்கும் வித்தை தெரியும். ரவையும் சர்க்கரையும் எவ்வளவு இருந்தாலும் உருண்டை நிற்காது. உருக்கிய நெய் கொஞ்சம் ஊற்றியதும் அது ஒவ்வொரு ரவைக்கும் நடுவே ஓடி எல்லாவற்றையும் இணைத்துவிடும். நெய் ஒரே இடத்தில் குட்டையாகத் தேங்கினால் பிரயோஜனமில்லை. ரவையின் ஓரங்களில் இழை இழையாகப் பரவ வேண்டும்.

பூமிக்குள்ளும் இதே கதைதான். நமக்குக் கீழே ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தாண்டினால் 'கவசம்' என்று பள்ளிப் புத்தகத்தில் படித்த பகுதி. 2,900 கிலோமீட்டர் வரை அதுதான். அது கொதிக்கும் நெருப்புக் கடல் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இல்லை. அது திடமான பாறை. அதன் மேல்பகுதியில் பெரும்பாகம் ஆலிவின் என்ற பச்சைக் கனிமம். மோதிரத்தில் பதிக்கும் பெரிடாட் கல் அதன் அழகிய வடிவமே. சில இடங்களில் மட்டும் அந்தப் பச்சை மணிகளின் ஓரங்களில் நூற்றுக்கு ஒன்று, இரண்டு பங்கு உருகியிருக்கலாம்.

அந்த ஒன்று, இரண்டு பங்குதான் விஷயமே. உலர்ந்த திடப் பாறையில் மின்சாரத்தைச் சுமந்து செல்லும் அணுக்கள் அவரவர் இடத்தில் கட்டுண்டு கிடக்கின்றன. உருகிய பாறையில் அவை தாராளமாக நடமாடும். அதே சூட்டில், உருகிய பசால்ட் உலர்ந்த திட ஆலிவினைவிட நூறு மடங்குக்கு மேல் சுலபமாக மின்சாரத்தைக் கடத்தும். உருகியது தனித் தனிச் சொட்டாக நின்றால் பாறையின் குணம் மாறாது. இழையாகப் பரவி ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டால், கொஞ்சமே இருந்தாலும் பாறை முழுவதும் மின்சாரத்துக்கு வழி விட்டுவிடும்.

"நெய் மின்சாரத்தைக் கடத்தாதே?" என்று சித்திரக்காரர் கண்ணைத் திறந்து கேட்டார்.

"பாதையைப் பாருங்கள் ஐயா, நெய்யைப் பார்க்காதீர்கள்" என்று சொல்லிப் பேராசிரியர் லட்டை வாயில் போட்டுக்கொண்டார்.

ஆனால் அவ்வளவு ஆழத்துக்குக் கம்பி அடிப்பது எப்படி? மனிதன் தோண்டிய துளைகளில் மிக ஆழமானது ருஷ்யாவில் கோலா என்ற இடத்தில் இருக்கிறது. 1989-ல் 12 கிலோமீட்டருக்குச் சற்று மேல் போனதோடு சரி. அதற்கு விடையைப் போடிமெட்டுக்கு ஏறி, எல்லைச் சாவடி அருகே காற்று வாங்கிக்கொண்டு நின்றபோது கேட்டோம். கீழே தேனிப் பள்ளத்தாக்கு நீல மூட்டத்தில் கிடந்தது. வடகிழக்கே பழனி மலைத் தொடர். அதன் நடுவே எங்கோ கொடைக்கானல்.

விடை வானத்தில் இருக்கிறது. நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேலே, காந்த பூமத்திய ரேகையை ஒட்டி, பகல் வேளையில் ஒரு மின்சார நதி ஓடுகிறது. அந்த நதி நம் தென்கோடிக்கு நேர் மேலே போகிறது. 1963 நவம்பரில் ராக்கெட் விடத் திருவனந்தபுரம் பக்கத்தில் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததே இதனால்தான். வானத்து மின்சாரம் அசையும்போது பூமியின் காந்தம் துடிக்கிறது. அந்தத் துடிப்பு பூமிக்குள்ளும் மெல்லிய மின்னோட்டத்தைக் கிளப்புகிறது. பேராசிரியரின் பெட்டி செய்யும் வேலையை வானம் இலவசமாகச் செய்கிறது. நாம் செய்ய வேண்டியது, மண்ணில் மின்முனைகளைப் புதைத்து, காந்தச் சுருளை வைத்து, பதில் வரும் வரை நாள் கணக்கில் காத்திருப்பதுதான். 1950-களின் தொடக்கத்தில் ருஷ்யாவில் டிகனோவும் பிரான்சில் காக்னியாரும் இந்த முறைக்கு வழி சொன்னார்கள்.

துடிப்பு எவ்வளவு நிதானமோ, அவ்வளவு ஆழம் இறங்கும். ஆயிரம் ஓம்-மீட்டர் தடையுள்ள பாறையில், வினாடிக்கு ஒரு முறை துடிப்பது சுமார் 16 கிலோமீட்டர் போகும். நூறு வினாடிக்கு ஒரு முறை துடிப்பது 160 கிலோமீட்டர் போகும். அவசரப்படுகிறவன் மேலோடு போகிறான் என்பது இங்கேயும் சரிதான். மின்கம்பிகளும் மோட்டார்களும் பன்றியை விரட்டும் மின்வேலிகளும் குறுக்கே புகுந்து காதைக் கெடுக்குமாம். ஹைதராபாத்தின் தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிலையத்தார் குப்பத்திலிருந்து பழனி வரையிலும், அதற்குத் தெற்கேயும் இப்படிக் கருவி வைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

கொடைக்கானலில் காந்த ஊசியைக் கவனிக்கும் வேலை 1902-லேயே தொடங்கியது. 1923-ல் நின்று, 1949-ல் மறுபடி ஆரம்பமாயிற்று. 1957-ல் திருவனந்தபுரமும் அண்ணாமலைநகரும் சேர்ந்துகொண்டன. இந்த மூன்று இடத்துக் குறிப்புகளையும் அருகருகே வைத்துப் பார்த்தவர்கள் 1970-களில் ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். தென்கோடியில் காந்த ஊசி எதிர்பார்த்ததற்கு மேல் ஆடுகிறது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவே மின்சாரத்தைத் திரட்டி இழுக்கும் ஏதோ ஒரு வாய்க்கால் இருக்க வேண்டும். கடலின் உப்புத் தண்ணீர் ஒரு காரணம்தான். ஆனால் பாக் நீரிணை ஆழமில்லாத கடல். கணக்குப் போட்டுப் பார்த்தவர்களுக்கு அது போதவில்லை. அடியில், பூமிக்குள்ளேயே, மின்சாரம் சுலபமாகப் போகும் பொருள் ஒன்று வேண்டியிருந்தது.

அது என்ன? உப்பு நீர் ஊறிய பழைய பள்ளமா? முன்னொரு காலத்தில் ஆழத்திலிருந்து எழுந்த சூடான கவசப் பாறையின் சுவடா? இரண்டையும் சொன்னவர்கள் உண்டு. அப்படிப்பட்ட சூடு இந்தப் பிரதேசத்துக்குப் புதிதல்ல. ஏறக்குறைய ஒன்பது கோடி வருஷத்துக்கு முன் மடகாஸ்கர் நம்மைவிட்டுப் பிரிந்தபோது, கவசத்தில் உருகியது மேலே வந்தது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்துப் பாறைகளை ஊடுருவி நிற்கும் கருங்கல் சுவர்களில் சில அந்தக் காலத்தவை.

உலகத்தின் மற்ற பக்கங்களிலும் இதே சிக்கல்தான். 2013-ல், மத்திய அமெரிக்காவில் நிகராகுவாவுக்கு அருகே கடலடியில் கருவிகளை இறக்கியவர்கள், 45-லிருந்து 70 கிலோமீட்டர் ஆழத்தில் மின்சாரம் சுலபமாகப் போகும் படலம் ஒன்றைக் கண்டார்கள். உருகிய பாறை என்றார்கள். ஆனால் 1990-லேயே, உருக வேண்டிய அவசியமே இல்லை, ஆலிவினுக்குள் சொற்ப ஈரம் இருந்தாலே போதும் என்று ஜப்பானிய விஞ்ஞானி கராடோ சொல்லியிருந்தார். பிறகு 2008-ல் பிரான்ஸ் நாட்டு ஆராய்ச்சியாளர்கள், கரியமிலம் கலந்து உருகிய கார்பனேட் பாறை சாதாரண உருகலைவிடப் பல மடங்கு கடத்தும், ஆகையால் ஆயிரத்தில் ஒரு பங்கு இருந்தாலும் போதும் என்றார்கள். பென்சில் கரியான கிராஃபைட்கூட இடையில் புகுந்து ஏமாற்றும். மின்சாரம் சொல்லுவது, 'இங்கே ஏதோ ஒன்று தொடர்ச்சியாக இருக்கிறது' என்பது மட்டுமே. அது இன்னது என்று சொல்ல, பூகம்ப அலைகளின் வேகம், ஆழத்தின் சூடு, சோதனைச் சாலையில் கல்லை நசுக்கிச் சுட்டுப் பார்த்த அளவு என்று வேறு சாட்சிகளைக் கூப்பிட வேண்டும்.

"தண்ணியா, களிமண்ணா?" என்று சித்திரக்காரர் முணுமுணுத்தார். எனக்கும் அத்தையின் முகம்தான் ஞாபகம் வந்தது.

திரும்பும் வழியில் ஒரு ஏலக்காய் ஸ்டோரைப் பார்த்தோம். பச்சைக் காயைத் தட்டுத் தட்டாகப் பரப்பி, ஐம்பது டிகிரி அளவில் இதமான சூட்டில், ஒரு நாள் பொழுது உலர்த்துகிறார்கள். சூடு ஏறினால் காய் வெடித்து நிறம் போய்விடும். அங்கே கசங்காமல் கமழும் வாசனையை எழுத்தில் கொண்டுவர முடியாது. சித்திரத்திலும் முடியாது என்று நண்பர் ஒப்புக்கொண்டார்.

அன்று சாயங்காலம் பேராசிரியர் தோப்பில் கணக்குகளை விரித்து உட்கார்ந்தார். தேங்காய் சொன்ன கன்னி மூலையில் இருபது அடிக்குக் கீழே மின்சாரம் திணறியது. சுத்தமான கெட்டிப் பாறை. வேப்ப மரத்தருகே நூறு அடிக்கு மேலும் சுலபமாகப் போனது. மேலே களிமண் இருக்கலாம். ஆனால் கீழேயும் தொடர்வதால் பாறையில் வெடிப்பு இருக்க வேண்டும். பக்கத்துக் காட்டில் பழைய கிணறு ஒன்று அதே திசையில் வற்றாமல் இருக்கிறது. மலை ஓடை வளைவதும் அந்தக் கோட்டில்தான். இவ்வளவையும் சொல்லிவிட்டு, "இருக்குன்னு சத்தியம் பண்ண மாட்டேன் தங்கச்சி. இருக்க வாய்ப்பு சாஸ்தி" என்றார்.

அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. தேங்காய்க்காரர் சத்தியமே செய்திருந்தார். சீட்டுப் பணமோ ஒரு போருக்குத்தான் வரும். பிறகு எழுந்து போய், வேப்ப மரத்தடியில் அடித்திருந்த கம்பி நின்ற இடத்தில் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் துணி ஒன்றைக் கட்டிவிட்டு வந்தார். "சத்தியம் பண்ணாதவங்களைத்தான் எனக்கு நம்பத் தோணுது" என்றார்.

நாங்கள் ஊர் திரும்பிப் பத்து நாள் கழித்து, இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருந்தபோது சித்திரக்காரரின் டெலிபோன் அடித்தது. ரிக் வண்டியின் இரைச்சலுக்கு நடுவே அத்தையின் குரல்.

"தம்பி! முதல்ல அம்புட்டும் களிமண்ணாத்தான் வந்துச்சு. எனக்கு உசிரே போச்சு. அண்ணன் நிறுத்தாதீங்கன்னு சொன்னாரு. நூத்தி நாப்பது அடியில தண்ணி வந்திருச்சுப்பா! ஒன்றரை இஞ்சுதான். தென்னைக்குப் போதும்."